காலி டப்பா

பருப்புச் சாதத்தையும் உருளைக்கிழங்குப் பொரியலையும் ஒன்றாகப் போட்டு மிக்ஸியில் அடித்தால் வருகிற நிறத்துக்கு யாரும் இன்னும் பெயர் வைக்கவில்லை, வைக்கவும் வேண்டாம், அந்தப் பெயரையும் நான்தான் வாயில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். கூட வேலை செய்கிற ஜெசிந்தா ஜாரைக் கவிழ்த்துத் தட்டுகிறாள், பொத்தென்று கிண்ணத்தில் விழுகிறது, விழுந்த இடத்தில் கொஞ்சம் ஆடிவிட்டு அடங்குகிறது, எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பித் தொண்டை வரை வந்து திரும்பிப் போகிறது. காலையில் குடித்த டீ. வேறெதுவும் உள்ளே இல்லை. இந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு எனக்கு விட்டே போயிற்று. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறவளுக்குச் சோறு பிடிக்காமல் போவது வேடிக்கைதான், சிரிப்பதற்கு யாராவது இருந்தால் சிரிக்கலாம். சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் பெல்ட் போட்டு ஒரு பிள்ளை, நான் முக்காலியை இழுத்து இழுத்து ஒவ்வொரு வாயாகப் போகிறேன். வாய், ஸ்பூன், துடை, அடுத்த வாய். துடைக்கிற துணி ஒன்றுதான். அது முதலில் வெள்ளையாக இருந்தது என்று யாராவது சத்தியம் செய்தால் நம்புவேன். ஒருவன் மூக்குச் சளியும் இன்னொருத்தியின் தயிரும் அதில் சேர்ந்து மூன்றாவது முகத்துக்குப் போகிறது, அந்த முகம் திரும்பிக்கொள்கிறது, திரும்பிக்கொண்டால் அடம் என்று இங்கே பேர். காப்பகத்தை நடத்துகிற மேடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: "நீங்க பேசிட்டே இருந்தா டைம் ஆகும் ரங்கநாயகி. மசிச்சதக் கொடுத்தா தானா இறங்கிடும்." இறங்குவது என்பது இங்கே பெரிய சொல். ருசித்தானா, பசித்ததா, போதுமா என்று யாரும் கேட்பதில்லை. இறங்கிடுச்சா என்று கேட்பார்கள், இறங்கிடுச்சுங்க என்று சொல்ல வேண்டும், தண்ணீர் லாரி வந்த தெருவில் பேசிக்கொள்வதுகூட இதைவிட மேல். எல்லாம் இறங்கிய பிறகு படம். அதுதான் இந்த இடத்தின் பூஜை. வீட்டிலிருந்து வந்த சோற்று டப்பாவைத் துடைத்து, சிரிக்கிற சூரியன் போட்ட மஞ்சள் பாயின் மேல் வைத்து, பிள்ளையின் பெயர் தெரிகிற மாதிரி ஸ்டிக்கரைத் திருப்பி, காப்பகத்து போனில் படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போட வேண்டும். பிள்ளையின் படம் இல்லை, டப்பாவின் படம். காலி டப்பா. ஆபீசில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களும் அப்பாக்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் டப்பாவைத் திறப்பார்களாம். உடனே கைதட்டு பொம்மைகள் வரும், மஞ்சள் மஞ்சளாக, வரிசையாக. மேடம் கண்டுபிடித்த வழக்கம் இது, மேடத்துக்கு இதில் பெருமை, விளம்பர போர்டிலேயே போட்டிருக்கிறார்.

மிருணாவைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், எப்போதும் அப்படித்தான், தள்ளிப்போட்டால் வராமலா போய்விடும் அவள் முறை. ஒன்றரை வயசு முடிந்து கொஞ்சம் ஆகிறது, தலைமுடி மெல்லிசு, கழுத்தில் கறுப்புக் கயிறு, கையெல்லாம் எலும்பு. என்னைப் பார்த்ததும் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். நான் கிண்ணத்தை இன்னும் எடுக்கவேயில்லை, முக்காலியைத்தான் நகர்த்தினேன், அதற்கே. முக்காலிக் காலின் சத்தம் கேட்டால் வாயைப் பூட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறது ஒரு குழந்தை, இங்கே வந்து அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம், நான் நடத்தியது. அவளுக்கு முதலில் வந்தது கைக்குள் அடங்குகிற ஒரு வட்ட டப்பா. அதில் பாதிதான் தின்றாள், போதும் என்று முகத்தைத் திருப்பினாள், மீதியைக் கழுவுமிடத்து நீலப் பக்கெட்டில் தட்டிவிட்டுக் காலி டப்பாவைப் படம் எடுத்துப் போட்டோம். எல்லாப் பிள்ளைக்கும் செய்வதுதான், மேடத்துக்கும் தெரிந்ததுதான், யாரும் வாயால் சொல்வதில்லை. படத்தைப் பார்த்த கீர்த்தனா, மிருணாவின் அம்மா, அடடா பிள்ளைக்குப் போதவில்லையே என்று நினைத்துவிட்டாள். நினைக்கத்தானே செய்வாள் பெற்றவள். அடுத்த வாரம் சதுர டப்பா வந்தது. அதுவும் காலியானது, பக்கெட்டில். பிறகு இந்த ரெண்டு அடுக்கு டப்பா. டப்பா பெருக்கப் பெருக்கப் பிள்ளை மெலிகிறாள், ஏனென்றால் டப்பாவைப் பார்த்தாலே அவளுக்குப் பயம், முன்பு தின்ற பாதியும் இப்போது இல்லை. இன்று காலை கேட்டில் நின்று கீர்த்தனா என் கையைப் பிடித்துக்கொண்டாள், கையில் நெய் வாசனை, நல்ல நெய், விடியுமுன் எழுந்து சமைத்திருக்கிறாள். "ரங்காக்கா, இவ்வளவு சாப்பிடறா, எங்க போகுதுன்னே தெரியலக்கா. எடையே ஏறல. பூச்சி மருந்தும் குடுத்தாச்சு, டானிக்கும் குடுத்தாச்சு. நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் எடுக்கச் சொல்லிருக்காங்க, நரம்பே கிடைக்காதுக்கா இவளுக்கு, போன தடவை ரெண்டு கையிலயும் குத்திட்டாங்க." எனக்குத் தெரியும் எங்கே போகிறதென்று. சாயங்காலம் மாட்டுக்காரர் வந்து பக்கெட்டை எடுத்துப் போகிறார், அவர் மாடு நன்றாகத் தேறியிருக்கிறது. இதைச் சொல்லாமல் சிரித்தேன். பல் தெரியச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது, கழுவியும் பார்த்தேன்.

கீர்த்தனா மேடத்திடமும் போய் அழுதிருக்கிறாள் போல. அவள் போனதும் மேடம் எங்களைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், அவருக்குக் குரலை உயர்த்தத் தெரியாது, இனிப்பாகவே சொன்னார்: "மிருணாது இனி பக்கெட்டுக்குப் போகக் கூடாது. ரெண்டு பேரா உக்காந்து உள்ள அனுப்புங்க. நாலு நாள் அழுவா, அப்புறம் பழகிடும்." அனுப்புங்க. கூரியரா? மேடத்தின் அறையில் ஏசி ஓடுகிறது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் புதிதாகச் சேர்க்க வந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருக்கிறார்கள், கதவு சரியாகச் சாத்தாது, "எங்ககிட்ட எந்தக் குழந்தையும் சாப்பாட்ட மிச்சம் வைக்காது சார், நீங்க டெய்லி பாக்கலாம்" என்று மேடத்தின் குரல் கேட்கிறது. நான் ஸ்பூனை மிருணாவின் உதட்டருகே கொண்டுபோய் நிறுத்துகிறேன். அவள் ஸ்பூனைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்க்கிறாள். இந்தப் பார்வைதான் எனக்கு ஆகாது. பச்சைப் பிள்ளை பார்க்கிற பார்வையா இது, கடன் கொடுத்தவர்கூட இப்படிப் பார்க்க மாட்டார். ஸ்பூனை உதட்டில் தேய்த்தால் சில பிள்ளைகள் தன்னால் திறந்துவிடும், இவள் திறப்பதில்லை, தேய்த்தது மோவாயில் வழிகிறது, வழிந்ததை ஸ்பூனின் விளிம்பால் வழித்து மறுபடி உதட்டுக்கு, எச்சிலும் சேர்ந்து இன்னும் கொழகொழவென்று. எத்தனை முறை இந்த ஒரே கவளத்தை வழிப்பேன். உலகத்தில் எந்தப் பெரிய மனிதருக்காவது இப்படி ஒருவர் செய்தால் போலீசில் புகார் கொடுப்பார். எனக்கே ஒருத்தி செய்தாள், நான் கொடுக்கவில்லை.

வள்ளியம்மாள், என் நாத்தனார். நான் மில் கேன்டீனில் இருந்தபோது இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறக்கப்போய் ஆவி அடித்து ரெண்டு கையும் வெந்து, முழங்கை வரை கட்டுப் போட்டு, ஒரு மாதத்துக்கும் மேலே வீட்டில் கிடந்தேனே அப்போது. ஊட்டிவிட வந்தாள், நல்ல மனசோடுதான் வந்தாள், ஊரெல்லாம் அவளைப் புகழ்ந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்ப்பாள். சீரியலில் யாரோ யாரையோ ஏமாற்றிக்கொண்டிருப்பார்கள், இவள் கை மட்டும் தட்டுக்கும் என் வாய்க்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும். வாயில் இருப்பதை நான் இன்னும் மென்றுகூட முடித்திருக்க மாட்டேன், அடுத்த உருண்டை உதட்டில் வந்து இடிக்கும். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வாய் இருக்க வேண்டுமே, வாயில்தான் சோறு இருக்கிறதே. அவள் விரல் நகம் என் பல்லில் படும். அவள் மோதிரத்தின் உப்புச் சுவை இன்னும் நாக்கில் இருக்கிறது, எவ்வளவு ரசம் வைத்துத் தின்றும் போகவில்லை. ஒரு நாள் போதும் என்று தலையை ஆட்டினேன். "அட, தின்னுங்க அண்ணி, இத்தனூண்டுதான் இருக்குது, வீணாப் போவுதல்லோ" என்று சிரித்தபடி என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். தாடையை. கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவளைத் தள்ள முடியாது. நான் விழுங்கினேன். சோற்றை இல்லை, வேறெதையோ, அவமானம் என்று சொன்னால் பெரிய வார்த்தையாக இருக்கும், ஆனால் வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்துதான் மற்றவர் கை பட்ட உணவு என்றாலே எனக்குக் குமட்டும். கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் உட்கார மாட்டேன், பரிமாறுகிறவன் கட்டைவிரல் சாம்பாரில் முங்குவதைப் பார்த்துவிட்டால் எழுந்துவிடுவேன், எங்கள் ஆட்கள் என்னை ராங்கிக்காரி என்பார்கள். சொல்லட்டும். இப்படிப்பட்டவளைத் தேடிப்பிடித்து இந்த வேலையில் வைத்திருக்கிறது என் தலையெழுத்து. நானாவது கட்டு அவிழ்ந்ததும் என் கையால் அள்ளித் தின்றேன், முதல் கவளம் கீழே சிந்தியது, அதையும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டேன், அழுதேன். மிருணாவின் கைகளுக்கு என்ன? நன்றாகத்தானே இருக்கின்றன, ரெண்டும், விரலோடு. காலையில் பாயில் சிந்திக் கிடந்த பொரியை ரெண்டு விரலால் அவ்வளவு பக்குவமாகப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள், ஜெசிந்தா ஓடிவந்து தட்டிவிட்டாள், "கீழ கெடக்கறதத் திங்காத சாமி" என்று. தானாகத் தின்றால் தட்டிவிடுவோம், தின்னாவிட்டால் திணிப்போம். அழகு.

"நீங்க இப்படிப் பாத்துட்டே உக்காந்தா ஆவாதுங்க்கா," என்கிறாள் ஜெசிந்தா. வந்துவிட்டாள், பின்பக்கமாக, கையை ஈரத்தோடு சேலையில் துடைத்துக்கொண்டு. கெட்டவள் இல்லை, அவளும் பிள்ளைக்காரி, சீக்கிரம் முடித்தால் கொஞ்சம் உட்காரலாம் என்கிற கணக்கு, அவ்வளவுதான். "நான் கையப் புடிச்சுக்கறேன், நீங்க மூக்க லேசாப் புடிங்க, மூச்சுக்குத் தொறக்கறப்ப வெச்சுருங்க. மேடம் சொன்னாங்கல்லோ." லேசாக. மூக்கை லேசாகப் பிடிப்பது எப்படி என்று யாராவது எனக்குக் காட்டட்டும். ஜெசிந்தா அவளுடைய ரெண்டு கையையும் நாற்காலிக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தாள், மிருணாவின் நெஞ்சு முன்னால் வந்தது, சட்டையில் வாத்து படம், வாத்தின் மேல் மஞ்சளாக வழிந்த கூழ். நான் இடது கையைக் கொண்டுபோனேன், என் விரல், வெந்து தோல் உரிந்து பளபளவென்று ஆகிப்போன என் விரல், அவள் மூக்கின் மேல். சின்ன மூக்கு, சூடாக இருந்தது. பிடித்தேன். அவள் அழவில்லை, முதலில் கண் மட்டும் பெரிதாயிற்று, முகம் சிவந்தது, பிறகு வாய் திறந்தது, ஸ்பூன் போயிற்று, ஸ்பூன் பல்லில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது, என் பல்லிலேயே கேட்டது. தொண்டையில் ஒரு சத்தம், களக்கென்று, ஜெசிந்தா "இறங்கிடுச்சு" என்றாள். இறங்கவில்லை. அத்தனையும் திரும்பி வந்தது, காலையில் குடித்த பாலும் தயிராகி வந்தது, என் மணிக்கட்டில், வளையலுக்குள், சேலை மடிப்பில், வெதுவெதுவென்று. அந்த வெதுவெதுப்புதான் தாங்கவில்லை. புளித்த வாசனை மூக்கில் ஏற எனக்கும் குமட்டியது, முகத்தைத் திருப்பித் தோளில் புதைத்துக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வாந்தியைச் சொல்லவில்லை, வாந்தி பாவம், அது வந்த வழியைப் பார்த்துப் போகிறது. அந்தத் துணி, அந்த நீலப் பக்கெட், சிரிக்கிற அந்தச் சூரியன், ஏசி அறையிலிருந்து வருகிற அந்தச் சிரிப்பு, எல்லாவற்றுக்கும் மேல் இன்னும் அவள் மூக்கருகிலேயே நின்றுகொண்டிருக்கிற என் கட்டைவிரல். "இன்னொருக்கா வெய்யுங்க, சூட்டோட சூடா வெச்சாத்தான் போவும்," என்கிறாள் ஜெசிந்தா. நான் வைக்கவில்லை. நல்லவள் ஆகிவிட்டதால் இல்லை. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான், அந்தக் கூழைப் பார்க்கவே முடியவில்லை. "கைய உடு ஜெசிந்தா," என்றேன். "உட்டா மேடம்..." "உடுன்னேன்." விட்டாள். மிருணாவின் கைகள் கொஞ்ச நேரம் பின்னாலேயே இருந்தன, விட்டது தெரியாமல்.

பெல்ட்டைக் கழற்றினேன், அவள் வாயைச் சளித்துணியால் துடைக்காமல் என் முந்தானையின் சுத்தமான பக்கத்தால் துடைத்து, பாயில் இறக்கிவிட்டேன். என் கையைக் குழாயில் கழுவினேன், வளையலைக் கழற்றிக் கழுவினேன், வாசனை போகவில்லை. ஜெசிந்தா கிண்ணத்தைப் பக்கெட் பக்கம் எடுத்துப் போனாள், "தட்டிட்டு போட்டோ எடுத்துரலாங்க்கா, நேத்து மாதிரியே, மேடத்துக்கு நான் சொல்லிக்கறேன்." நல்லெண்ணம். இந்த நல்லெண்ணத்தால்தான் நாளைக்குக் காலையில் அந்தக் கையில் ஊசி, நரம்பு கிடைக்காத கையில், இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் குத்தி, பட்டினி வயிற்றோடு, இல்லாத வியாதியைத் தேடி. கண்டுபிடிப்பார்களா ரத்தத்தில்? காலி டப்பா என்று எழுதி வருமா? வராது, வேறு ஏதாவது எழுதி வரும், அதற்கு ஒரு மருந்து வரும், அதையும் நாங்கள்தான் மூக்கைப் பிடித்து ஊற்றுவோம். "வெய்யி கிண்ணத்த," என்றேன். டப்பாவின் கீழ் அடுக்கை இன்னும் யாரும் திறக்கவில்லை, திறந்தேன். அரைபடாத சாதம், பருப்பு தனியாகத் தெரிகிறது, ஓரத்தில் பொடியாக நறுக்கி வதக்கிய உருளைக்கிழங்கு, நெய் மணம். எவ்வளவு நல்ல சோறு. இதைக் கெடுத்துக் கூழாக்கி, திணித்து, மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். சூரியன் பாயின் மேல் அந்த அடுக்கையும் கூழ்க் கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், மிருணா பெயர் தெரிகிற மாதிரி ஸ்டிக்கரைத் திருப்பினேன், ஆணியில் தொங்கிய காப்பகத்து போனை எடுத்தேன். ஜெசிந்தா வாயில் கை வைத்துக்கொண்டாள். "வேலை போயிருமுங்க்கா." போகும். போனால் மத்தியானச் சாப்பாடு திரும்பி வரும். அப்படியெல்லாம் தைரியமாக நினைத்தேனா அப்போது, இல்லை, முதல் படம் ஆடிப்போயிற்று, ரெண்டாவது எடுத்து அனுப்பினேன்.

உடனே வந்தது கைதட்டு. யாரோ ஒரு பிள்ளையின் அப்பா. அடுத்து இன்னொரு கைதட்டு, ஒரு இதயம், "சூப்பர் மிருணா குட்டி", மறுபடி கைதட்டு. நான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படத்தைப் பார்த்தேன், தவறாகக் காலி டப்பாவைப் போட்டுவிட்டேனா என்று. இல்லை. சோறு நிறைந்த டப்பாதான், ஊருக்கே தெரிகிற மாதிரி இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. ஒருநாளும் பார்த்ததில்லை போலிருக்கிறது, டப்பா படம் வந்தால் கைதட்டு, அவ்வளவுதான், அவர்கள் கட்டைவிரலும் பழகிவிட்டது. இதற்காகவா அந்த மூக்கைப் பிடித்தேன். பிறகு கீர்த்தனா. அவளுடைய கைதட்டும் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக் கதவுக்குள் மேடம் இன்னும் தம்பதியிடம் பேசிக்கொண்டிருக்கிறார், அவர் போன் மேஜையில் கவிழ்ந்து கிடக்கிறது. பிறகு கீர்த்தனாவின் கைதட்டு இருந்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று வந்தது. போன் அடிக்க ஆரம்பித்தது. கீர்த்தனா பெயர் விளக்கு போல எரிந்து எரிந்து அணைகிறது, என்ன சொல்வேன், எங்கிருந்து ஆரம்பிப்பேன், வட்ட டப்பாவிலிருந்தா. மிருணா தவழ்ந்து வந்துவிட்டாள், நடக்கத் தெரிந்தவள்தான், இருந்தாலும் தவழ்ந்து, டப்பாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டாள், நான் பார்க்காத மாதிரி போனையே பார்த்தேன். ரெண்டு விரல் சாதத்துக்குள் போயிற்று. கொஞ்சம் எடுத்தாள், பருப்பு ஒட்டிய நாலைந்து பருக்கை, எடுத்து, தன் வாய்க்குக் கொண்டுபோகாமல், என் வாய்க்கு நேராக நீட்டினாள். எச்சில் பட்ட விரல், வாந்தி காயாத விரல். எனக்குக் குமட்டியது, என்ன செய்வது, என் உடம்பு அப்படி. நான் வாயை மூடிக்கொண்டேன், உதட்டை உள்ளே மடித்து, இறுக்கமாக. அவள் என் வாயைக் கொஞ்சம் பார்த்தாள். இடிக்கவில்லை, தேய்க்கவில்லை, இன்னொரு கையை என் மூக்குக்குக் கொண்டுவரவில்லை. சரி என்பது போல் கையை எடுத்துக்கொண்டு, அதைத் தன் வாயில் போட்டு, மெதுவாக மென்றாள்.

போன் நின்று மறுபடி அடித்தது. எடுத்தேன். "அக்கா, என்னக்கா ஆச்சு, இன்னிக்கு மட்டும் ஏன்க்கா சாப்பிடல?" என்று கீர்த்தனா. கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, மேடத்தின் செருப்பு. நான் திரும்பவில்லை.

"இன்னிக்குத்தானுங்க மிருணாம்மா சாப்பிடறா," என்றேன். "மத்த நாளெல்லாம் பக்கெட்டுதானுங்க சாப்பிட்டுச்சு. நாளைக்கு ஊசி குத்த உடாதீங்க."